நடவுக்காரிகளின் பெயர் எந்த அடங்கலில் இருக்கிறது?

காவிரிப் படுகை விவசாயச் சங்கங்களின் கோரிக்கை மனுக்களில் சில ஆண்டுகளாக ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது: காலநிலை மாற்றம். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்பது பழைய கேள்வி. இப்போது அதோடு வேறு கேள்விகளும் சேர்ந்துவிட்டன. அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் உள்ள நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்களா? கடைமடையில் உப்பு ஏறிய வயலுக்கு எந்த விதை தாங்கும்? வடிகால்களை யார் தூர்வாருவது? தண்ணீரைக் குறைத்துச் சாகுபடி செய்பவருக்கு அரசு என்ன ஊக்கத்தொகை தரும்?

எல்லாமே நியாயமான கோரிக்கைகள். 2023இல் ஜூன் 12 அன்றே அணை திறந்தும் கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வராமல் குறுவை கருகியது. 2024இல் அணை திறக்க ஜூலை 28 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட நிலையில் வானிலையை நம்பி வாழ்பவர்கள் காலநிலைக்கேற்ற கொள்கை வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றால், அவர்கள் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்த மனுக்களை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள் தோழர்களே. ‘கூலி’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். நான் படித்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஓரிடத்தில்கூட இல்லை. இருக்கிற சிலவற்றிலும் ‘கூலி உயர்ந்துவிட்டது, ஆள் கிடைப்பதில்லை’ என்ற புகாராகத்தான் வருகிறது.

விவசாயி என்றால் யார் என்ற கேள்விக்கு இந்திய அரசே எழுத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்த 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் வைத்திருப்பவரோடு விவசாயக் கூலித் தொழிலாளி, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுபவர், கால்நடை வளர்ப்பவர், மீனவர் எல்லோரையும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்தது. நல்ல வரையறை. அது கொள்கை ஆவணத்தில் இருக்கிறது. பணம் மட்டும் வேறு வரையறையைப் பின்பற்றிப் போகிறது.

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும். பயிர்க் காப்பீட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்று வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரர் அந்தச் சான்றுக்காக நில உரிமையாளரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள், அதற்கும் அடிப்படை பட்டாதான். இனி வரப்போகும் எல்லா மானியமும் அந்த எண்ணின் வழியாகவே வரும் என்றால், அந்தப் பதிவேட்டில் இல்லாதவர் அரசின் கண்ணில் விவசாயமே செய்யாதவர் ஆகிவிடுவார்.

பேரிடர் நிவாரணமும் இதே வாய்க்காலில்தான் ஓடுகிறது. 2023இல் கருகிய குறுவைக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவித்தார்கள். அந்த வயல்களில் களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் போயிருக்க வேண்டியவர்கள் இழந்த நாட்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தபோது மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் கிடைத்தது. அது போதாது என்று தோப்புக்காரர்கள் போராடியதும் சரிதான். தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்த ஐந்தாறு ஆண்டும் தோப்பில் காய் பறித்தவரும் மட்டை உரித்தவரும் என்ன செய்வார்கள் என்பதற்கு நிவாரணப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது. குடிசைக்கு நிவாரணம் உண்டு, வேலைக்குக் கிடையாது.

நில விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. முதுகலை வகுப்பில் ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சாவூர்க் கிராம ஆய்வைப் படித்தபோது, அக்ரகாரம், ஊர்த்தெரு, சேரி என்ற அந்த மூன்று பிரிவும் அறுபது ஆண்டுக்கு முந்தைய கதை என்று எண்ணிக்கொண்டு சிலர் தேர்வு எழுதினார்கள். அக்ரகாரத்து நிலம் பல ஊர்களில் கைமாறிவிட்டது, உண்மை. எந்தத் தெருவுக்குக் கைமாறியது என்று பார்த்தால் சேரிக்கு வந்தது மிகச் சொற்பம்.

சரி, காலநிலைக் கொள்கைக்கு வருவோம்.

2024இல் தமிழ்நாடு அரசு 78.67 கோடி ரூபாய்க்குக் குறுவைச் சிறப்புத் தொகுப்பு அறிவித்தது. அதில் பாதிக்கு மேல், 40 கோடி ரூபாய், இயந்திர நடவுக்கு. ஏக்கருக்கு 4,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் ஏக்கருக்கு. இந்த எண்ணிக்கையை வைத்து நானே போட்ட ஒரு கணக்கு இது. கை நடவுக்கு ஒரு ஏக்கருக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ஏக்கர் என்றால் பத்து லட்சம் கூலி நாட்கள். அந்த ஏக்கர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே இயந்திரத்துக்குப் போயிருக்கும், சிலவற்றில் உண்மையிலேயே ஆள் கிடைத்திருக்காது. பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் ஐந்து லட்சம் நாட்கள் மிஞ்சுகிறது. நிலமில்லாத பெண்களின் கையில் நேரடியாக விழுந்துகொண்டிருந்த கூலியை நிறுத்துவதற்கு அரசு தன் பணத்திலிருந்து ஏக்கருக்கு 4,000 ரூபாய் கொடுக்கிறது. இழந்தவர்களுக்கு அதே தொகுப்பில் என்ன இருந்தது என்று தேடினால் ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். சேற்றில் முதுகு வளைத்து நிற்கும் வேலை நம் பெண்களுக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும் என்கிறாயா?

இல்லை. நடவு என்றால் வண்ணச் சேலையும் குலவையும் பாட்டும் என்று சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு நடவுக்காரியின் இடுப்பு வலி தெரியாது. அந்த வேலை ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட வேலை. அது ஒழிந்தால் நான் ஒரு நாளும் வருத்தப்பட மாட்டேன். கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் என்ன நினைத்துப் பேசினார் என்பது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகும் ‘மரபு வாழ்வு’ என்று சேற்றுக்கு மாலை போட நமக்கு என்ன தலையெழுத்து?

என் கேள்வி, இயந்திரம் வரும்போது அது யார் கையில் வருகிறது என்பது. அறுவடை இயந்திரம் வந்தபோது நமக்கு இது நடந்து முடிந்த பாடம். தஞ்சைப் பகுதியில் அறுவடைக் கூலி நெல்லாகக் கிடைத்தது. வீட்டில் சில மாதச் சோறு அது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதற்குப் பின்னால் இருந்த சண்டை அரைப்படி நெல் கூலி உயர்வுக்கானது. அத்தனை உயிர் கொடுத்துக் கேட்ட அந்த நெல் கூலியைப் பின்னாளில் இயந்திரம் சத்தமில்லாமல் கொண்டுபோனது. இயந்திரங்கள் வெளி மாவட்டத்து முதலாளிகளுடையவை, வாடகையும் அங்கேயே போகிறது. வயல் ஓரத்தில் நின்று பார்த்தவர்களில் ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்களும் முதியவர்களும் நடவையும் களையையும் பிடித்துக்கொண்டு ஊரில் இருந்தார்கள். இப்போது கைவைக்கப்படுவது அந்த மிச்சத்தில்.

அந்த இடத்தில்தான் பருவநிலை என்ற புதிய நியாயமும் வந்து சேர்கிறது. தண்ணீர் தேங்கிய நெல் வயலின் சேற்றில் காற்று புகாது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதைக் குறைக்க இரண்டு வழிகளை அதிகம் பேசுகிறார்கள். ஒன்று, பாய்ச்சலும் காய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த தண்ணீர். இதனால் மீத்தேன் ஏறத்தாழ பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம். இன்னொன்று, நாற்றும் நடவும் இல்லாமல் நேரடியாக விதைப்பது.

இரண்டும் பயனுள்ளவை, எதிர்க்க வேண்டியவை அல்ல. ஆனால் தேங்கிய தண்ணீருக்கு இன்னொரு வேலை இருந்தது. அது களையை அமுக்கியது. தண்ணீரைக் காயவிட்டால், அதிலும் நேரடி விதைப்பு என்றால், களை பொங்கிக்கொண்டு வரும். அப்போது இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கூலி கொடுத்துக் களை எடுக்க வேண்டும், அல்லது களைக்கொல்லி அடிக்க வேண்டும். களைக்கொல்லி மலிவு. எனவே நேரடி விதைப்பில் நடவுக் கூலியும் போகும், களைக் கூலியும் போகும், மருந்து அடிக்கும் தெளிப்பானைக் கையுறையோ முகக்கவசமோ இல்லாமல் முதுகில் சுமக்கப்போவது பெரும்பாலும் சேரிப் பையன்தான். அந்த விஷத்தைப் பற்றிக் காலநிலை அறிக்கைகளில் எழுத மாட்டார்கள். அது மீத்தேன் கணக்கில் வராது அல்லவா! இந்த மீத்தேன் குறைப்பை கார்பன் கிரெடிட்டாக விற்கும் நிறுவனங்களும் நெல் வயல்களைத் தேடி வரத் தொடங்கிவிட்டன. அவர்கள் ஒப்பந்தம் போடுவதும் நிலத்துக்காரரோடுதான். தினமும் வயலுக்குப் போய்க் குழாயில் நீர் மட்டம் பார்ப்பவர் அந்தத் தாளில் எங்கே இருக்கிறார்?

இயற்கை விவசாயம் பேசுகிறவர்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு. நம்மாழ்வார் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகப் படுகையில் ஊர் ஊராக நடந்ததற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் அப்படிப்பட்ட போராட்டங்கள் இருந்தன. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வந்தது. எல்லாம் சரி. இயற்கை விவசாயத்துக்கு ரசாயனத்தைவிட அதிக ஆள் வேலை தேவை. சென்னையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பாரம்பரிய அரிசியின் விலையில் களை எடுத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று அந்த அரிசிப் பையில் அச்சிட்டிருக்கிறதா? ரசாயனம் படவில்லை என்று சான்று கொடுக்கிறார்கள், சரியான கூலி கொடுத்தோம் என்று சான்று கொடுப்பதில்லை.

குத்தகைக்காரரின் சிக்கல் இன்னும் அடிப்படையானது. மண்ணை மீட்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இயற்கை வேளாண் சான்றிதழுக்கும் அவ்வளவு காலம் மாறுதல் காலமாகக் கழிய வேண்டும். முதல் ஆண்டுகளில் மகசூல் குறையலாம். அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்றே தெரியாத வாய்மொழிக் குத்தகைக்காரர் எந்த நம்பிக்கையில் தொழு உரம் கொட்டுவார்? மண் வளமானால் குத்தகை ஏறும், அல்லது நிலம் பறிபோகும். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் தமிழ்நாட்டில் 1969லேயே வந்துவிட்டது. அதைச் செயல்படுத்துவது காலநிலை நடவடிக்கை இல்லையென்றால் வேறு எது?

காலநிலைக்கேற்ற விவசாயத்தைத் தலித் பெண்கள் தலைமையேற்றுச் செய்து காட்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில் 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் மகளிர் சங்கங்களைச் சொல்கிறேன். அங்கிருந்த பெண்களின் குடும்பங்களுக்கு அரசு கொடுத்திருந்தது கல்லும் சரளையுமான தரிசு. அதைத் திருத்தி, கம்பு, சோளம், தினை, துவரை என்று ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து மானாவாரியாக விதைத்தார்கள். ஒரு பயிர் மழையில்லாமல் போனாலும் இன்னொன்று கை கொடுக்கும். விதையைத் தங்கள் வீட்டுப் பானைகளிலேயே வைத்துக்கொண்டார்கள். ரேஷன் அரிசிக்குப் பதில் தங்கள் ஊரில் விளைந்த சிறுதானியத்தையே தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் மாற்று விநியோக முறையை நடத்தினார்கள். 2008இல் சொந்தமாகச் சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கதையைச் சிறுதானியப் பெருமையாக மட்டும் சொல்கிறவர்கள் உண்டு. அதில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. அந்தப் பெண்களிடம் நிலம் இருந்தது. மோசமான நிலம்தான், ஆனாலும் எதை விதைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. கூலிக்காரியிடம் எவ்வளவு அறிவு இருந்தாலும் அடுத்தவர் வயலில் அவரால் விதையை மாற்ற முடியாது.

அதனால்தான் பஞ்சமி நில மீட்பைக் காலநிலைக் கோரிக்கையாகவும் வைக்க வேண்டும் என்கிறேன். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணை போராட்டத்தின்போது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாகை, திருவாரூர்ப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு ஆயிரக்கணக்கான ஏக்கரை நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தது. முடியாத காரியம் ஒன்றுமில்லை. அரசும் நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க ‘நன்னிலம்’ திட்டத்தில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. விற்பவர் பிற சாதியினராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோக்கம் சரி. ஆனால் படுகையில் எந்த ஊர்த்தெருக்காரர் சேரிக்கு நன்செய் விற்க முன்வருகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். நம் சிறு குறு விவசாயிகளுக்கு இயந்திரங்களில் 20 விழுக்காடு கூடுதல் மானியமும் உண்டு. அரைக்காணி இல்லாதவருக்கு டிராக்டரில் கூடுதல் மானியம் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

விவசாயிகளின் ஒற்றுமையைக் குலைக்கிறாய் என்று சில தோழர்கள் சொல்வார்கள். பஞ்சாபைப் பாருங்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலித்துகள், அவர்கள் கையில் நிலமோ மிகச் சொற்பம். 2020 ஜூனில் ஊரடங்கால் வெளிமாநிலத் தொழிலாளர்கள் வராதபோது, உள்ளூர் தலித்துகள் கூடுதல் நடவுக் கூலி கேட்டார்கள். பல கிராமப் பஞ்சாயத்துகள் கூலிக்கு உச்சவரம்பு தீர்மானம் போட்டன. மீறினால் சமூகப் புறக்கணிப்பு என்ற மிரட்டலும் இருந்தது. சில மாதம் கழித்து அதே பஞ்சாபிலிருந்துதான் டெல்லி எல்லைக்கு அந்த மாபெரும் போராட்டம் கிளம்பியது. தலித் தொழிலாளர் அமைப்புகள் அதையும் ஆதரித்தன. 2022இல் நேரடி விதைப்புக்குப் பஞ்சாப் அரசு ஏக்கருக்கு 1,500 ரூபாய் அறிவித்தபோது, நிலத்தடி நீர் மிச்சமாகும் என்று எல்லோரும் பாராட்டினார்கள். நடவுக் கூலியை இழந்தவர்களுக்கு அதில் பங்கில்லை. ஒற்றுமைக்காக நாம் ஒவ்வொரு முறையும் போகிறோம். பங்கு பிரிக்கும்போது கேட்டால்தான் அது பிளவாகிவிடுகிறது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் படுகைக்கு நடவுக்கு வரும் தொழிலாளர்களையும் நம் எதிரியாகக் காட்டுவார்கள், அதற்கும் பலியாக வேண்டாம். அவர்களும் நிலமில்லாமல்தான் வருகிறார்கள்.

நிலமற்றவருக்குப் பணம் கொடுக்க வழியில்லை என்று சொல்ல முடியாது. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற விவசாயக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் வாழ்வாதார உதவியை அறிவித்தது. சத்தீஸ்கர் 2021இல் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று தொடங்கியது. தெலங்கானா 2025 ஜனவரியில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று தொடங்கியது. இவற்றின் நடைமுறையில் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் பட்டா இல்லாதவரையும் விவசாயத்தின் ஆளாகக் கணக்கெடுக்க அரசால் முடியும் என்பதற்கு இவை போதும். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. இறக்காமல் இருக்க, உச்சி வெயிலில் வேலையை நிறுத்தினால் அந்த அரை நாள் கூலியை யார் கொடுப்பது? அதையும் சேர்த்தால்தான் அது விவசாயத் தொழிலாளிக்கான வெப்பக் கொள்கை ஆகும்.

நடவு இயந்திர மானியம் தொடரட்டும். ஆனால் இயந்திரங்களைத் தலித் மகளிர் குழுக்களின் பெயரில் வாங்கி, வாடகை மையங்களை அவர்களே நடத்தட்டும். நாற்றங்கால் போடும் வேலையும் ஓட்டும் பயிற்சியும் அவர்களுக்கே வரட்டும். ஏக்கருக்கு 4,000 ரூபாய் என்றால் அதில் ஒரு பங்கு அந்த ஊரின் நடவுக் குழுவுக்குப் போகட்டும். பயிர்ச் சேத நிவாரணம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் இழந்த கூலி நாட்களுக்கும் ஒரு தொகை சேரட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் அடுத்த குறுவைக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சேரியில் உட்காருங்கள். பத்து ஆண்டுக்கு முன்பு நடவு, களை, அறுவடைக்கு ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது, போன பருவத்தில் எத்தனை நாள், எந்த வயல் இயந்திரத்துக்குப் போனது, எதில் நேரடி விதைப்பு, மழையால் எத்தனை நாள் போனது, வெயிலால் எத்தனை நாள் போனது என்று வீடு வீடாக எழுதுங்கள். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அந்தக் கணக்கோடு நடவுக்காரப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். நீங்கள் விவசாயியா என்று யாராவது கேட்டால், 2007ஆம் ஆண்டுக் கொள்கையின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.